இடிப்பதற்கு முன் ஓர் ஐந்தொகை

பொது இடங்களைப் புதுப்பிக்கும் வாதத்தில் சிறு வணிகர்கள் கேட்டுப் பெற வேண்டியவை

நெற்குப்பையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏண்ணே, எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டை இடிக்கிறாங்க, மார்க்கெட்டை இடிக்கிறாங்க. மாடி மாடியாக் கட்டுறாங்க. நாளைக்கு நம்ம பக்கமும் வந்துச்சுன்னா சங்கம் வேணும்னு சொல்லுமா, வேண்டாம்னு சொல்லுமா?"

நாம் உடனே பதில் சொல்லவில்லை. வேண்டும் என்றால் கடைக்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். வேண்டாம் என்றால், ஊர் முன்னேற்றத்துக்கு வணிகர்கள் முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்று பொதுமக்கள் பேசுவார்கள். இரண்டுமே வியாபாரத்துக்கு ஆகாது. கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய், நடந்த கதைகளை எல்லாம் எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கே இந்தக் கட்டுரை.

நெற்குப்பை பெரிய ஊர் அல்ல. சிவகங்கை மாவட்டத்தின் வடபகுதியில், புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. ஊர் ஊராகச் சென்று மாவட்ட வரலாறுகளை எழுதிய சோமலெ அவர்கள் பிறந்த ஊர் என்ற பெருமை உண்டு. இந்த ஊருக்கும் திருச்சி மார்க்கெட் தகராறுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பெருநகரங்களில் முடிந்த வேலை நகராட்சிக்கு வரும். நகராட்சியில் முடிந்தது பேரூராட்சிக்கு வரும். நமக்கு அருகிலுள்ள காரைக்குடியே 2024ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆகிவிட்டது. பேருந்து நிலையம், தினசரிச் சந்தை, சமுதாயக் கூடம், நூலகம் ஆகியவை ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருப்பது நமது சிற்றூர்களின் வழக்கம். அதில் ஒன்றை இடித்தால் மற்றவற்றுக்கு வரும் கூட்டமும் கலையும். ஆகவே வருமுன் காப்பதே நல்லது.

திருச்சியில் நடந்தது

திருச்சி காந்தி மார்க்கெட்டை அறியாத வணிகர் நம் பகுதியில் இருக்க முடியாது. வெள்ளையர் காலத்தில் தோன்றி, காந்தியடிகளின் பெயரைத் தாங்கி நிற்கும் சந்தை. முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தின் அருகே இரவெல்லாம் லாரிகள் வந்து சரக்கு இறக்க, விடியும்போது சில்லறை வியாபாரம் தொடங்கிவிடும். காய்கறி வாங்க வந்தவர் அப்படியே பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போவார். சுற்றியுள்ள தெருக்களின் மளிகைக் கடைகளும் மண்டிகளும் இந்தக் கூட்டத்தை நம்பியே வளர்ந்தவை.

நெரிசல் தாங்க முடியவில்லை என்பது உண்மை. நகர மக்கள் அதைச் சொன்னார்கள். லாரி உள்ளே வர முடியவில்லை, குப்பை அள்ள முடியவில்லை, ஆம்புலன்ஸ் போக வழியில்லை என்ற குறைகளை நாமும் மறுக்க முடியாது. இதற்குத் தீர்வாக, திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில், நகருக்கு வெளியே கள்ளிக்குடியில் ஒரு மத்திய காய்கறி, பழம், பூ வளாகத்தை அரசு கட்டியது. செலவு சுமார் 77 கோடி ரூபாய். சுமார் 1,000 கடைகள். 2017ஆம் ஆண்டில் திறப்பு விழாவும் நடந்தது.

கடைகள் திறந்தன, வியாபாரம் திறக்கவில்லை. காந்தி மார்க்கெட் வியாபாரிகளில் பெரும்பாலோர் அங்கே போக மறுத்தார்கள். கடை சிறியது, மூட்டை அடுக்க இடம் போதாது, மாடிக் கடைக்கு யார் மூட்டை தூக்குவது, நகரத்துச் சில்லறைக் கடைக்காரர் அவ்வளவு தூரம் வந்து வாங்குவாரா என்று அவர்கள் கேட்டார்கள். மறுபுறத்தில், அரசு கட்டிய வளாகம் வீணாகலாமா, விவசாயிக்கு நேரடியாக விற்க நல்ல இடம் வேண்டாமா என்று விவசாயிகள் தரப்பிலும் நகர மக்கள் தரப்பிலும் கேட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது.

இடையில் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றப்பட்டது. திறந்த வெளி, மழை பெய்தால் சேறு. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட ஏற்பாடு மாதக்கணக்கில் நீண்டது. சந்தையை மீண்டும் திறக்கக் கோரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் பழைய சந்தைக்குத் திரும்ப முடிந்தது. அதன் பிறகு பஞ்சப்பூரில் புதிய மொத்தச் சந்தை என்ற திட்டம் எழுந்து, 2025ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்தக் கதையில் வென்றவர் யார்? 77 கோடி ரூபாய் செலவிட்ட அரசும் வெல்லவில்லை. பழைய இடத்திலேயே நிலைத்த வியாபாரிக்கும் நெரிசல் தீரவில்லை. எத்தனை அடிக்கு எத்தனை அடி கடை வேண்டும் என்று கட்டுவதற்கு முன்பே வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசி முடித்திருந்தால், இந்த இழுபறியில் பாதியாவது மிச்சமாகியிருக்கும் என்பது நமது கருத்து.

இடம் மாறியும் வாழ்ந்த சந்தைகள்

இடம் மாறினாலே அழிவு என்று சொல்வதும் சரியல்ல. சென்னை கொத்தவால் சாவடி இதற்கு உதாரணம். அங்கிருந்த காய்கறி, பழ, பூ மொத்த வியாபாரம் 1996ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்குப் போனது. 295 ஏக்கர் நிலம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். அன்றும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் மூன்று காரணங்களால் கோயம்பேடு நிலைத்தது. கடைகள் வாடகைக்கு மட்டுமல்லாமல் வியாபாரிகளுக்குச் சொந்தமாகவே விற்கப்பட்டன. மொத்த வியாபாரம் எங்கே நடக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. ஆகவே பாதிப்பேர் போய், பாதிப்பேர் பழைய இடத்தில் நின்று, இரண்டு இடமும் கெட்டுப்போகும் நிலை வரவில்லை. லாரி வந்து திரும்ப அகலமான சாலையும் இருந்தது. 2002ஆம் ஆண்டில் புறநகர்ப் பேருந்து நிலையமும் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

கோயம்பேடும் சோதனைக்குத் தப்பவில்லை. 2020 மே 5ஆம் தேதி, அதாவது வணிகர் தினத்தன்றே, கொரோனா காரணமாக அது மூடப்பட்டது. வியாபாரம் திருமழிசைக்கு மாறி, செப்டம்பரில்தான் படிப்படியாகத் திரும்பியது. அந்த நான்கு மாதங்களில் வாடிக்கையை இழந்த சிறிய கடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நமக்குப் பழக்கமான மதுரையைப் பாருங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அருகில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட் 2010ஆம் ஆண்டில் மாட்டுத்தாவணிக்குப் போனது. மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வாகன நிறுத்தம் நிற்கிறது. மாட்டுத்தாவணியில் சேறு, சகதி, சாக்கடை பற்றிய குறைகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. ஆனாலும் வியாபாரம் நின்றுபோகவில்லை. ஏன்? காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து போகும் பேருந்து மாட்டுத்தாவணியில்தான் நிற்கிறது. நம் ஊர் வியாபாரி இறங்கிய இடத்திலேயே சரக்கு வாங்கி, அடுத்த பேருந்தில் ஏற்றிக்கொண்டு திரும்ப முடிந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. சந்தை கட்டடத்தின் பின்னால் போவதில்லை. பேருந்தின் பின்னால் போகிறது. வாங்குபவர் வரும் வழியில் கடை இருந்தால் ஓட்டுக் கொட்டகையிலும் வியாபாரம் நடக்கும். வராத வழியில் இருந்தால் பளிங்குத் தரையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

பேசி முடிப்பதற்குள் நெருப்பு வந்தால்

நாம் எதற்கும் இணங்காமல் காலத்தைக் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகம் முதல் இசைத்தட்டு, வளர்ப்புப் பறவைகள் வரை எல்லாம் கிடைத்த இடம். அந்த இடம் ரயில்வேக்குத் தேவை என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், 1985 மே 30ஆம் தேதி தீப்பற்றி எரிந்துபோனது. வியாபாரிகளில் பலர் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய சந்தை நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. அதன் பெயரில் மட்டும் மூர் மார்க்கெட் இருக்கிறது.

கூரை தாழ்ந்து, மின்கம்பி தொங்கி, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தையை அப்படியே வைத்திருப்போம் என்று நாம் அடம்பிடிப்பதும் ஆபத்து. சரக்கோடு எரிந்தபின் பேரம் பேச நம் கையில் எதுவும் இராது. நின்றுகொண்டிருக்கும் கடைக்குத்தான் பேரம் உண்டு.

வெளிநாடுகளிலும் இதே வாதம்

பாரிஸ் நகரத்தின் நடுவில் இருந்த லே ஆல் என்ற பழைய மொத்தச் சந்தை 1969ஆம் ஆண்டில் ஊருக்கு வெளியே ரூங்கிஸ் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது. பழைய இரும்புக் கூடங்களை 1971இல் இடித்தார்கள். அந்த இடம் பல ஆண்டுகள் பெரிய பள்ளமாகக் கிடந்தது. 1979இல் அங்கே நிலத்தடி வணிக வளாகம் வந்தது. லண்டனில் கோவன்ட் கார்டன் காய்கறிச் சந்தை 1974இல் நகருக்குள்ளேயே வேறிடத்துக்குப் போனது. அங்கே பகுதி மக்கள் முன்கூட்டியே ஒன்றுகூடிப் போராடியதால் பழைய கட்டடம் இடிபடாமல் தப்பியது. 1980இல் சிறு கடைகள் கொண்ட சந்தையாக மீண்டும் திறந்தார்கள்.

இரண்டு ஊரிலும் மொத்த வியாபாரம் வெளியேறியது. நெரிசலுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் காலியான இடத்தில் என்ன வரும் என்று ஓர் ஊர் முன்னதாகவே கேட்டது. அந்த ஊரில் சந்தையின் கட்டடமாவது மிஞ்சியது.

ஒரு கடையின் கணக்கு

இனி நம் கல்லாவுக்கு வருவோம். நாளுக்கு 9,000 ரூபாய் விற்பனை உள்ள ஒரு பலசரக்குக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மொத்த லாபம் பத்து சதவிகிதம் என்று வைத்தால் 900 ரூபாய். வாடகை, மின்சாரம், ஆள் கூலி, வண்டிக் கூலி என்று 500 ரூபாய் போனால் வீட்டுக்கு வருவது 400 ரூபாய்.

தற்காலிக இடத்துக்குப் போனதால் விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று வைப்போம். விற்பனை 6,000, லாபம் 600. செலவு குறையாது, அதே 500. வீட்டுக்கு வருவது 100 ரூபாய். விற்பனை குறைந்தது மூன்றில் ஒன்று. வருமானம் குறைந்தது நான்கில் மூன்று. திட்டம் போடுகிற பொறியாளருக்குத் தெரியாத கணக்கு இது. அவர் மீது குற்றமில்லை. நாம் அவருக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

நாளொன்றுக்கு 300 ரூபாய் இழப்பு என்றால், பதினெட்டு மாதத்தில் கட்டி முடிப்போம் என்று சொல்லும் வேலைக்கு 540 நாள், 1,62,000 ரூபாய். வேலை மூன்று ஆண்டாக நீண்டால் இழப்பு அப்படியே இரட்டிப்பு. இதில் ஷட்டர், அலமாரி கழற்றி மாட்டும் செலவு சேரவில்லை. பற்று நோட்டில் நிற்கும் பணமும் சேரவில்லை. நம் ஊர்களில் ஆச்சிமார் மாதம் முழுவதும் சாமான் வாங்கி, மாதப் பிறப்பில் கணக்கு முடிப்பார்கள். கடை கண்ணில் படாத இடத்துக்குப் போனால் வாடிக்கையும் போகும், பழைய பாக்கியும் போகும்.

ஆகவே இடிப்பதைப் பற்றிப் பேசும்போது கட்டடச் செலவு ஒன்றையே திட்டச் செலவாகக் காட்டுவது முழுக் கணக்கு ஆகாது. செட்டிநாட்டில் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: பற்றும் வரவும் இரண்டும் எழுதினால்தான் ஐந்தொகை.

சட்டம் யாருக்குத் துணை?

தனியார் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு தமக்கும் உண்டு என்று உள்ளாட்சிக் கடைகளில் இருக்கும் பலர் நினைக்கிறார்கள். இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சொந்தமான கட்டடங்களுக்குப் பொருந்தாது. மாறாக, குத்தகைக் காலம் முடிந்த பிறகும் பொதுக் கட்டடத்தில் இருப்பவர்களை வெளியேற்ற 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே இருக்கிறது. உள்ளாட்சிக் கடைக்காரருக்குக் கவசம் அவர் கையிலுள்ள குத்தகை ஆவணமும், உள்ளாட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானமும்தான்.

ஒரு விந்தை. கடைக்குள் இருப்பவரைவிட, வாசலில் தரையில் சாக்கு விரித்திருப்பவருக்கு இப்போது சட்டத்தில் கூடுதல் சொற்கள் உண்டு. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் முன் அவர்களை வெளியேற்றக் கூடாது என்கிறது. இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். இயன்றவரை இடமாற்றத்தைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் பிழைப்பு முன்பு இருந்த அளவுக்காவது மீள வேண்டும் என்ற நெறியும் அதில் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். கீரை விற்கும் அம்மாவுக்கு இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்வது நமது கடமை. அவர் இருந்தால்தான் நம் கடைக்கும் ஆள் வரும்.

நமது பக்கத்துக் குற்றம்

இந்த இதழில் நாம் பிறரை மட்டும் குறை சொல்லி வந்தால் அது நேர்மை ஆகாது. மனசாட்சியைத் தொட்டுச் சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

குத்தகையைக் காலத்தில் புதுப்பித்திருக்கிறோமா? வாடகைப் பாக்கி இல்லாமல் இருக்கிறோமா? பாக்கி வைத்துக்கொண்டு உரிமை பேசினால் அதிகாரி முதலில் பாக்கியைத்தான் எடுத்து நீட்டுவார். கடைக்கு முன்னால் நடைபாதையில் நான்கடிக்கு எண்ணெய் டின்னை அடுக்கிவிட்டு, நெரிசல் என்று பொதுமக்கள் சொன்னால் கோபிக்கிறோமே, அது சரியா?

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் உள்வாடகை. ஏலம் எடுத்தவர் ஒருவர். பகடி கொடுத்து உள்ளே வந்தவர் இன்னொருவர். அவரிடமிருந்து வாங்கிக் கடை நடத்துபவர் மூன்றாமவர். ரசீது இன்னும் முதலாமவர் பெயரில் போகும். நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் கடைகளை இடிக்கும் நேரம் வந்தபோது, பட்டியலில் இருந்த பெயருக்குத்தான் மாற்றுக் கடை என்றார்கள். இருபது ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றும் இல்லை. பட்டியலில் இருந்தவர் எப்போதோ கடையை விட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டவர். புதிய கடை அவருக்குக் கிடைத்தது. அதை அவர் பழையவருக்கே கூடுதல் வாடகைக்கு விட முன்வந்தார். அந்த நண்பர் நம் முன் உட்கார்ந்து, "சங்கத்துக்கு இத்தனை வருஷம் சந்தா கட்டினேனே" என்று கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. ஏனென்றால் பட்டியலில் இருந்தவரும் நமது உறுப்பினர்தான்.

இந்த இடத்தில் சங்கம் ஒரு பக்கம் நிற்க வேண்டும். நம் மனத்தில் தயக்கம் இல்லை: கடையைத் திறந்து, தராசில் நிறுத்து, வியாபாரம் செய்பவரே வியாபாரி. பெயரை மட்டும் வைத்திருப்பவர் வருந்தினாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இடிக்கும் பேச்சு வரும் முன்பே, அமைதியான நாளில், முறைப்படி பெயர் மாற்றத்துக்கு உள்ளாட்சியிடம் விண்ணப்பிப்பதே இரு தரப்புக்கும் நல்லது. பேச்சு வந்த பிறகு யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

எழுத்தில் கேட்க வேண்டிய ஏழு

பொது இடத்தைப் புதுப்பிக்கும் திட்டம் எந்த ஊரில் வந்தாலும், நமது கிளைகள் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டு, மன்றத் தீர்மானத்தில் இடம்பெறச் செய்ய வேண்டும்.

1. கணக்கெடுப்பு. இடிக்கும் முன் கடை எண், அளவு, நடத்துபவர் பெயர், தொழில் ஆகியவற்றைக் கொண்ட பட்டியலை ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, அதன் பிறகே இறுதி செய்ய வேண்டும்.

2. மாற்று இடம் முதலில், இடிப்பு பிறகு. தற்காலிக இடம் பழைய இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பேருந்து நிற்கும் வழியில், கூரை, விளக்கு, கழிப்பறையோடு தயாரான பின்பே கடையைக் காலி செய்வது.

3. பகுதி பகுதியாக இடித்தல். இடம் இருந்தால் ஒரு பாதியைக் கட்டி முடித்து, அதில் குடியேறிய பின் மறு பாதியை இடிக்கலாம். செலவு சற்றுக் கூடும், வாடிக்கை கலையாது.

4. கடையின் அளவும் தளமும். மூட்டை வியாபாரம் செய்பவருக்குத் தரைத்தளம். அகலம், ஆழம், ஷட்டர் உயரம் எல்லாம் வரைபடத்தில் வேண்டும். கள்ளிக்குடியில் எழுந்த குறைகளை மறக்க வேண்டாம்.

5. டெபாசிட்டும் வாடகையும். புதிய கடைக்குப் பொது ஏலமா, பழையவருக்கு முன்னுரிமையா என்பதை முதலிலேயே தெளிவாக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு ஏலம் என்றால் சிறிய கடைக்காரர் வெளியூர்ப் பணத்தோடு போட்டி போட முடியாது. கட்டுமானக் காலத்துக்கு வாடகையில் சலுகையும் கேட்க வேண்டும்.

6. காலக்கெடு. குறித்த தேதியில் முடியாவிட்டால் ஒவ்வொரு மாதத்துக்கும் என்ன நிவாரணம் என்பது எழுத்தில் வேண்டும். கெடு இல்லாத வாக்குறுதி தேதி போடாத உண்டியல் மாதிரி. கையில் இருக்கும், காசாகாது.

7. ஊருக்கு என்ன? புதிய வளாகத்தில் பொதுமக்களுக்கான கூடம், நூலகம், பெண்களுக்கான கழிப்பறை, சுமைப்பணியாளர் ஓய்வெடுக்க இடம் ஆகியவையும் இருக்க வேண்டும் என்று கேட்பது வணிகர்களாகவே இருக்கட்டும். நமக்கு மட்டும் கேட்டால் நாம் ஒரு தரப்பு. ஊருக்கும் சேர்த்துக் கேட்டால் ஊரே நம் தரப்பு.

திட்ட வரைபடமும் மதிப்பீடும் காட்ட மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இடம் மாறினால் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் மின் இணைப்பையும் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சிறிய வேலைகள்தான், விட்டால் அபராதமாக முடியும்.

நண்பருக்குப் பதில்

நெற்குப்பை நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். சங்கம் வேண்டும் என்று சொல்லுமா, வேண்டாம் என்று சொல்லுமா?

சரக்கு வாங்கப் போகும்போது, விலையும் தவணையும் தெரியாமல் நாம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதில்லை. முதலில் மாதிரி பார்க்கிறோம், எடை கேட்கிறோம், தவணை பேசுகிறோம், பிறகுதான் கை நீட்டுகிறோம். கோடிக்கணக்கில் செலவாகும் திட்டத்துக்கும் அதே முறைதான். மாதிரி காட்டட்டும், எடை சொல்லட்டும், தவணை எழுதட்டும். எல்லாம் சரியாக இருந்தால், கழுகுக் கூடாக இருக்கும் பழைய கொட்டகையைவிடக் காற்றோட்டமான புதிய கடை நமக்கும் நல்லதுதான். சரியில்லை என்றால், மறுப்பதற்கான காரணம் எழுத்தில் நம் கையில் இருக்கும்.

அந்த நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணே, என் கடை ரசீது இன்னும் எங்க மாமா பேருலதான் இருக்கு" என்றார்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இந்த இதழைக் கீழே வைத்த கையோடு தத்தம் கடையின் குத்தகை ரசீதை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மற்ற வேலைகளை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.